காலி ரெய்டு

மாசானம் என் அறைக்குள் வந்தபோது அவர் முதுகில் எரிந்துகொண்டிருந்த எண் பதினொன்று. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததும் அது மறைந்துபோனது. மற்ற ஆட்டக்காரர்கள் உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள். இவர் நான் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

முன்பெல்லாம் கபடிப் பனியனில் ஆளுக்கொரு எண் இருக்கும். அது வெறும் அடையாளம். நான்கு வருடமாக அப்படி இல்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் உரைகல் என்ற இயந்திரம் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பிடும். அந்த எண் பனியனின் முதுகில் ஒளியிழைகளாக எரியும். உடம்புச் சூட்டில் எரியும் இழை என்பதால் போட்டிருக்கும்வரை அணைக்க முடியாது. பயிற்சிக்கும் பேருந்துப் பயணத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வரும்போதும் அதைத்தான் போட்டிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

உரைகல் என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர் வைத்தவள் நான்தான். என் பெயர் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினான்கு வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். கபடிச் சுற்றின் அளவைப் பிரிவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டபோது ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டு வந்தேன். சிபாரிசுக்காரன் பிள்ளை ஆடுவதும் திறமைசாலி வெளியே உட்கார்ந்திருப்பதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. உரைகல்லுக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, யார் மச்சான் யார் என்று தெரியாது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

இருபதுக்குக் கீழே எண் போனவரை ஏழு பேரிலிருந்து நிறுத்திவைக்கலாம். அதற்குமுன் அவர் அளவைப் பிரிவிடம் நேரில் வந்து பத்து நிமிடம் தன் பக்கத்தைச் சொல்லலாம். இந்தப் பத்து நிமிடமும் என் ஏற்பாடுதான். நான்கு வருடத்தில் இருபத்தாறு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஜெயித்ததில்லை.

மாசானம் முழங்காலில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தொரு வயது. பொருநை அணியில் ஏழு வருடமாக ஆடுகிறார். ஓர் ஆட்டம்கூட விட்டதில்லை, தொடர்ந்து நூற்றுப் பதினெட்டு.

"அக்கா, நான் பாடிட்டு வெறுங்கையோட வந்தா உங்க மிசினு சைபர் போடுது. அது தப்புன்னு சொல்ல வரல. ஆனா நான் சும்மா போயிட்டு வரலக்கா. எவன் கால எங்க ஊனியிருக்கான், எவன் கோத்த கைய சீக்கிரமா விடுதான், எவனுக்கு மூச்சு வாங்குதுன்னு பாத்துட்டு வந்து கிளாட்வின் காதுல சொல்லுதேன். அவன் போயித் தொட்டுட்டு வாரான்."

அவர் சொன்னது கபடி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஓர் அணி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிவிட்டால் மூன்றாவது போகிறவர் யாரையாவது தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் அவர் அவுட். அதனால் முதல் இரண்டு முறையும் ஒருவர் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வருவார். இதைக் காலி ரெய்டு என்பார்கள். மூன்றாவதாக அணியின் பெரிய கை போகும். பொருநை அணியில் காலி ரெய்டு மாசானத்துடையது. பெரிய கை கிளாட்வின். மணப்பாட்டுக்காரன், இருபத்தொரு வயது, எண் எண்பத்தெட்டு.

"அதையும் உரைகல் பாக்கத்தான் செய்யுது" என்றேன். "நீங்க காதுல சொன்னிய, அவன் போய்த் தொட்டான். ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு நடந்துருக்கு. அதனாலதான் நடந்துச்சுன்னு நான் எப்படிப் போட முடியும்?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை முதல் வருட மாணவிகளுக்குச் சொல்லி ஆரம்பிப்பது என் வழக்கம். அதையே அவரிடமும் சொன்னேன். மாசானம் சிரித்தார்.

"காக்கா நூத்திப்பதினெட்டு தடவ உக்காந்துருக்குக்கா."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சரி, காலி ரெய்டு கெடக்கட்டும். ரெண்டு மாசத்துக்கு முன்னால உங்க எண்ணு முப்பத்து நாலு. இப்ப பதினொண்ணு. மூணாவது ரெய்டுக்கும் நீங்களே போறிய, போய்ப் பிடிபடுதிய. இருபத்திரண்டு தடவ பிடிபட்டுருக்கிய. ஏன்? வயசா?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். கதவைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என் மேசையில் இருந்த மைக்கைப் பார்த்தார். மனு நேரத்தில் பேசுவது எல்லாமே பதிவாகும், அணி நிர்வாகத்துக்கும் போகும்.

"வயசுன்னே போட்டுக்கிடுங்க" என்றார்.

"வேற காரணம் இருந்தா சொல்லுங்க. எண்ணக்கூடியதா ஒண்ணு குடுங்க, நான் போடுதேன்."

"அந்தப் பய பக்கத்துல நான் நிக்கணும்க்கா. அத எண்ண முடியாது."

எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பும்போது பதினொன்று மறுபடி எரிந்தது. ஏழு நிமிடம் ஆகியிருந்தது. படிவத்தில், மனுதாரர் தமக்கு அளிக்கப்பட்ட நேரத்தை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்று எழுதினேன்.

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பதினொன்று என்பது உரைகல்லின் தீர்ப்பு இல்லை.

உரைகல் அளக்கிற முறை இது. உள்ளரங்கத்தில் நாற்பது கேமரா இருக்கின்றன, பாடுகிறவரின் மூச்சைக் கேட்கத் தனியாக மைக். எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டு வைத்துக்கொண்டு, ஓர் ஆட்டக்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சராசரி ஆளை நிறுத்தி, லட்சம் நிழலாட்டம் ஆடிப் பார்க்கும். ஆள் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு, அந்த வித்தியாசம்தான் எண். இதற்கு அந்த ஆள் இல்லாத சில ஆட்டங்களை அது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மற்ற எல்லோரும் ஒரு காய்ச்சலுக்கோ கல்யாணத்துக்கோ நாலு ஆட்டம் விட்டவர்கள்தான். மாசானம் விட்டதே இல்லை. அவர் இல்லாத பொருநை அணி எப்படி இருக்கும் என்று உரைகல்லுக்குத் தெரியாது.

தெரியாததைத் தெரியாது என்றே அது சொன்னது. பதினொன்றுக்கும் தொண்ணூற்றாறுக்கும் நடுவில் எங்கோ, என்று என் திரையில் எழுதியது. பனியனில் அப்படிப் போட முடியாது. ரசிகனுக்கு ஓர் எண் போதும் என்று நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் இருந்தால் கீழ் எல்லையைப் போடு என்று முதல் வருடமே விதி எழுதிவைத்தவள் நான். தராசு ஆடினால் குறைந்த பக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று சந்தைக்குப் போகிற எந்தப் பெண்ணும் சொல்வாள். அது நியாயம் என்றே நினைத்தேன். ஒரு மனிதனின் முதுகில் எரியும்போது அதை அவனும் ஊரும் வேறு விதமாகப் படிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஊர் எப்படிப் படித்தது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் மாப்பிள்ளையின் உரை எண்ணைக் கேட்டார்கள். வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த எண்தான் பார்க்கப்பட்டது. கிராமத்துக் குழுக்களில் பிடிக்கிறவர்கள் கை கோக்கத் தயங்க ஆரம்பித்தார்கள். கோத்துக்கொண்டு நின்றால் பிடித்தது யார் என்று இயந்திரத்துக்குத் தெளிவாகத் தெரியாதே, எண் பங்கு பிரிந்துவிடுமே என்ற பயம். காலி ரெய்டு போகப் பையன்கள் கிடைப்பதில்லை என்று ஒரு பயிற்சியாளர் சங்கடப்பட்டு எழுதியிருந்தார். எல்லாக் கடிதத்துக்கும் பணிவாகப் பதில் போட்டேன்.

உரைகல் மாசானத்தைப் பற்றி இன்னொரு வரியும் எழுதியிருந்தது. இவர் இல்லாமல் இரண்டு ஆட்டம் நடந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும், சோதனை விடுப்பு பரிந்துரைக்கப்படுகிறது. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கட்டம். மாசானத்தின் மனுவைத் தள்ளியதற்குக் காரணம் அவருடைய எண் இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. நூற்றுப் பதினெட்டு ஆட்டத்தில் ஒரு முடிச்சு, இரண்டு ஆட்டத்தில் அவிழ்ந்துவிடும். கையெழுத்துப் போடும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பொருநை அணியின் பயிற்சியாளர் பொன்னுலிங்கம் போனில் கூப்பிட்டார். பழைய ஆட்டக்காரர், சத்தமாகப் பேசுவார். அன்று சத்தம் இல்லை. மாசானம் வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்றார். விதிப்படி பயிற்சியாளர் விரும்பினால் எண்ணை மீறி இறக்கலாமே என்றேன். அப்படி இறக்கித் தோற்றால் பதினொன்றை இறக்கியவன் என்று தன்னைத் தொலைத்துவிடுவார்கள், நீங்கள் இருபது என்றாவது போட்டுக்கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எண்ணைத் திருத்தச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இதற்காகத்தானே நான் இந்த வேலைக்கே வந்தேன்.

மாசானம் இல்லாத முதல் ஆட்டத்தில் பொருநை பதினான்கு புள்ளியில் ஜெயித்தது. கிளாட்வின் மட்டும் பதினேழு எடுத்தான். எதிரணி பலவீனமானது, வலப்பக்கமே முழுக்க ஓட்டை. அதையெல்லாம் நான் கவனித்தேன், இருந்தும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. மாசானம் அணியோடு வெளி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை கிளாட்வின் பாடப் போகும்போதும் எழுந்து நின்றார், வந்ததும் உட்கார்ந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் அவர் முதுகைப் பார்த்து, "பதினொண்ணு, மறைக்காத" என்று சிரித்தார்கள்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது ஆட்டம், சாயங்காலம் ஐந்து மணிக்கு. அரங்கத்தின் பின்வழியில் கிளாட்வின் என்னை நிறுத்தினான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போகிற வழக்கம் அவனுக்கு. கழுத்தில் மாதா படம்.

"மேடம், மாசானண்ணன எப்ப எறக்குவிய?"

"இன்னைக்கு ஆட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் அவரு எண்ணு தெளிவாயிரும்."

"இன்னைக்கே எறக்க முடியாதா?"

"எண்பத்தெட்ட வச்சுக்கிட்டு பதினொண்ணுக்குப் பின்னால போய் ஒளியுதியாக்கும்?" என்று கேலி செய்தேன்.

அவன் சிரித்தான். இடது கையால் இடது கண்ணை ஒருமுறை தேய்த்தான். பிறகு களத்துக்கு ஓடினான்.

இரண்டாம் பாதி ஆரம்பித்து ஆறாவது நிமிடம். இரண்டு காலி ரெய்டு முடிந்திருந்தது. மாசானத்துக்குப் பதிலாக வந்தவன் எண்ணுக்குப் பயந்து கோட்டைத் தாண்டியும் தாண்டாமலும் நின்றுவிட்டு ஓடிவந்திருந்தான், எதையும் பார்க்கவில்லை, யார் காதிலும் எதையும் சொல்லவில்லை. மூன்றாவதாகக் கிளாட்வின் போனான். எதிரணியில் மூன்று பேரே மிச்சம், மூவரும் இடப்பக்கம். அவன் வலப்பக்கமே சுற்றினான். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசி ஐந்து நொடியில் இடப்பக்கம் திரும்பினான். திரும்பியவன் ஒரு கணம் அப்படியே நின்றான். காலைப் பிடித்தார்கள், துணைக்குப் பக்கத்தில் நிற்கும் கவர் ஆள் பாய்ந்து இடித்தான், தலை விரிப்பில் மோதியது. கபடியில் நூறு தடவை பார்த்த மாதிரியான விழுதல்தான் அது. அவன் எழுந்திருக்கவில்லை.

மாசானம் தடுப்பைத் தாண்டி உள்ளே ஓடினார். குப்புறக் கிடந்த கிளாட்வின் முதுகில் எண்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் திருப்பிப் போட்ட பிறகுதான் மறைந்தது.

மூன்று நாள் உயிர் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மருத்துவர் வெளியே வந்து அவன் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா ஒருவர் முகத்தையும் பார்க்காமல் மகனுடைய செருப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பொன்னுலிங்கம் சுவரோரம் நின்று அழுதார். மருத்துவர் என்னிடமும் அவரிடமும் தனியாக ஒன்று சொன்னார். இது முதல் அடி இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே தலையில் பட்ட அடி ஒன்று இருக்கிறது, அது ஆறாமல் இருந்திருக்கிறது, அதன்மேல் இது.

மருத்துவமனையின் மாடிப்படியில் மாசானம் உட்கார்ந்திருந்தார். பனியன் போட்டிருக்கவில்லை, சாதாரணச் சட்டை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மைக் ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வதுபோல் என் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு பயிற்சியில் கவர் ஆளின் முழங்கால் கிளாட்வினின் காதுக்கு மேலே பட்டிருக்கிறது. அன்றைக்குக் கேமராக்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள், பதிவில் இல்லை. அன்று முதல் இடப்பக்கம் திரும்பினால் அவனுக்கு ஒரு கணம் கண் இருட்டியிருக்கிறது. மாசானம் மட்டும் கவனித்திருக்கிறார். கால்களைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவர் அல்லவா.

"டாக்டர்ட்ட சொல்லுவோம்லன்னேன். காலப் பிடிச்சுக்கிட்டான்க்கா. ஒரு மாசம் ரெஸ்ட்னு எழுதுவாவ, ஆடாத நாளுக்கு எண்ணு தேயும், வெளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஆளெடுக்குற தேர்வுக்குள்ள எழுபதுக்குக் கீழ போயிரும், இந்த ஒரு வருசந்தான் எனக்குன்னான். மாதா படத்துமேல சத்தியம் வாங்கிட்டான்."

ஆடாத நாளுக்கு எண் தேயும் என்பதும் என் விதிதான். சும்மா உட்கார்ந்துகொண்டு உயர்ந்த எண்ணைக் காப்பாற்றக் கூடாது என்று எழுதினேன்.

"சத்தியம் பண்ணியாச்சு. சரி, நம்ம பாத்துக்கிடுவோம்னு நெனச்சேன். தொட வேண்டிய ஆளு வலப்பக்கம் நின்னா அவன் போவான். எடப்பக்கம் நின்னா மூணாவதுக்கும் நான் போவேன். எனக்கு அவ்வளவு வேகம் பத்தாதுலா, பிடிச்சுப் போடுவானுவ. பரவால்லன்னு விட்டேன். தேர்வு முடியிறவரைக்கும் தள்ளிட்டா போதும். இன்னும் மூணு வாரந்தான் இருந்துச்சு."

அவர் எண் முப்பத்து நாலிலிருந்து பதினொன்றுக்குப் போனதும் கிளாட்வின் எண் எழுபத்தொன்பதிலிருந்து எண்பத்தெட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு மாதத்தில்தான். தன்னால் முடிகிற பக்கம் மட்டும் போகிறவனுக்கு எண் ஏறத்தானே செய்யும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் சாய்கிறார், ஒருவன் எழுகிறான், தலைமுறை மாற்றம் என்று அறிக்கையில் எழுதினேன்.

"அன்னைக்கு என்கிட்ட வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்டபிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் மாசானம்.

அலுவலகத்துக்குத் திரும்பி உரைகல்லிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கடைசி இரண்டு மாதத்தில் கிளாட்வின் இடப்பக்கம் திரும்பிய நேரங்களில் ஏதாவது வித்தியாசம் உண்டா? ஒரு நொடிகூட ஆகவில்லை. உண்டு, என்றது. ஒவ்வொரு தடவையும் அரை நொடித் தாமதம், பாடும் மூச்சில் ஒரு சிறிய அறுபடல், இடது கண் இமை இரண்டு முறை துடிப்பு. மொத்தம் நாற்பத்தேழு இடங்களைக் காட்டியது. எல்லாவற்றையும் அது பார்த்துத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

நிர்வாகத்தில் இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். இரங்கல் அறிக்கையில் கிளாட்வினின் கடைசி எண்ணையும் போட்டிருந்தார்கள். அதே வாரம் உரைகல் புதிய பட்டியலை வெளியிட்டது. மாசானத்தைப் பற்றி அதற்கிருந்த ஐயம் தீர்ந்திருந்தது. அவர் இருந்தவரை கிளாட்வின் ஒருமுறைகூடக் களத்திலிருந்து தூக்கிச் செல்லப்படவில்லை. அவர் இல்லாத இரண்டு ஆட்டத்தில் ஒருமுறை தூக்கிச் செல்லப்பட்டான், திரும்ப வரவில்லை, அணி உடைந்துபோனது. ஆள் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு. இப்போது அதற்குத் தெரியும். மாசானத்தின் எண் தொண்ணூற்று நான்கு. சுற்றில் இதுவரை யாரும் எடுக்காத எண்.

எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சோதனை விடுப்பு என்ற ஏற்பாடு எவ்வளவு துல்லியமானது என்று நிரூபணமாகிவிட்டதாம். கூடவே அடுத்த மாதத்துக்கு உரைகல் பரிந்துரைத்த சோதனை விடுப்புப் பட்டியலும் வந்தது. போன பட்டியலில் ஒரு பெயர் இருந்தது, இதில் பதினாறு. பதினாறு கட்டமும் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தன. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே மேசைக்கு வந்தும் அதில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள்.

கிளாட்வின் இறந்த பத்தாவது நாள் மாசானம் வந்தார். பதினோரு மணி இருக்கும். கையில் மடித்த பனியன். உடம்பில் இல்லாததால் அதில் எண் எரியவில்லை. மேசைமேல் வைத்தார்.

"நேத்து இதப் போட்டுட்டுப் பயிற்சிக்குப் போனேன். சின்னப் பயலுவ எல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுதானுவ. ஒருத்தன் முதுகத் தொட்டுக் கும்பிடுதான்." பனியனின் மடிப்பை விரலால் நீவினார். "தொண்ணூத்தி நாலு. இதுல கிளாட்வினுக்கு எத்தனக்கா?"

"புரியல" என்றேன். புரிந்தது.

"அவன் செத்ததுக்கு எவ்வளவு போட்டிருக்கிய? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா."

தெரியும். பட்டியல் வந்த அன்றே, அந்த இரண்டு ஆட்டத்தையும் எடுத்துவிட்டு உரைகல்லை மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். யாரும் கேட்காமல், பழக்கதோஷத்தில். பொய் சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது தம்பி என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். பதினெட்டு வருடமாக யாரிடமும் எண்ணை மாற்றிச் சொல்லாத வாய்.

"எண்பத்து மூணு" என்றேன்.

அவர் உதடு அசைந்தது. மனதுக்குள் கழித்துப் பார்த்தார்.

"அப்ப மிச்சம் பதினொண்ணு. நீங்க மொதல்லயே சரியாத்தான் போட்டிருக்கிய."

"இல்ல மாசானம். அது சரியில்ல. அன்னைக்கு உரைகல்லு தெரியலன்னுதான் சொல்லிச்சு. பதினொண்ணு இருக்கலாம், தொண்ணூத்தாறும் இருக்கலாம்னுச்சு. நான்தான் தெரியலங்கிறத பதினொண்ணுன்னு போட்டேன்."

முதல் முறையாக ஒருவரிடம் அதைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எதிராளியின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பவரைப்போல.

"எனக்கும் தெரிஞ்சிருந்துச்சுக்கா. நானும் வயசுன்னு போடச் சொல்லிட்டேன்" என்றார். "பத்து நிமிசம் குடுத்திய. நான் ஏழுலயே எந்திரிச்சுட்டேன். அந்த மூணு நிமிசத்தத்தான் வீட்டுல உக்காந்து உக்காந்து நெனைக்கேன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அவருடைய பழைய மனுவைத் திரையில் திறந்தேன். நேரம் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை என்று நான் எழுதிய வரியை அழித்தேன். மைக்கின் வயரைப் பிடுங்கினேன்.

"மூணு நிமிஷம் இன்னும் இருக்கு. உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். முழங்காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். வெளியே மைதானத்தில் யாரோ பாடப் போகிற மூச்சுச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் பேசவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் எழுந்து கும்பிட்டார். பனியனை எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது அவர் முதுகில் ஒன்றும் எரியவில்லை.

பட்டியலில் பதினாறு கட்டமும் அப்படியே கிடக்கின்றன. நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மாசானத்தின் மனுவில், கடைசி மூன்று நிமிடத்தில் மனுதாரர் கூறியது என்ற இடத்தில் நான் எதையும் எழுதவில்லை. சைபர் போடவும் கை வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு முடியாது, ஏதாவது ஓர் எண்ணோ சொல்லோ இடவும் என்று உரைகல் சிவப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்கட்டும்.